ஏலக்காய் ஸ்டோரும் ஹெஸ் விதியும்

போடி ரயிலைப் பற்றி எழுதினால் நம் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். ஜமீன் காலத்துக் கதை என்றாலும் அப்படித்தான். கெமிஸ்ட்ரி என்று ஆரம்பித்தால் மட்டும், "சார், அதெல்லாம் பரீட்சையோட போச்சு" என்று நழுவிவிடுகிறார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தையே நடத்திப் பிழைத்தவன் நான். எனவே இந்த முறை ஏலக்காயைக் காட்டி உங்களைக் கெமிஸ்ட்ரிக்குள் இழுக்கப் போகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு மூட்டை பச்சைக்காயை உலர்த்த எவ்வளவு சூடு வேண்டும், அந்தச் சூட்டைக் கொடுக்க எவ்வளவு விறகு போதும் என்பதை அடுப்பைப் பற்ற வைக்காமலேயே காகிதத்தில் கணக்குப் போட்டுவிட முடியும். அந்தக் கணக்கு முறை உருவாக 150 வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதில் ஸ்காட்லாந்துக்காரர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யாவில் வாழ்ந்த ஒருவர், நம் டேராடூன் விஞ்ஞானிகள் என்று பலருடைய கை இருக்கிறது. நம் மலையில் எத்தனை மரம் நிற்கும், எத்தனை மரம் அடுப்புக்குள் போகும் என்பதும் அந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் ஸ்டோரைப் பற்றி இரண்டு வார்த்தை. வெளியூரில் ஸ்டோர் என்றால் கடை. நமக்கு ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டிடம். போடிமெட்டு ஏறி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்துக்கு நடுவே புகைபோக்கியோடு ஒன்று நிற்கும். வெளிப்பக்கம் அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் தகரக் குழாய் அறைக்குள் நுழைந்து, தரையோரமாகச் சுற்றி, மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாய்க்குள் புகை ஓடும். அறைக்குள் சூடு மட்டும் இறங்கும். மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள், அவற்றில் பச்சைக்காய். காய் எடுப்பு தொடங்குவது தென்மேற்குப் பருவமழை முடியாத நேரத்தில். மலையில் அப்போது வெயிலை எதிர்பார்க்க முடியாது. அதனால் அடுப்பு இல்லாமல் ஏலக்காய் இல்லை.

பறித்த பச்சைக்காயில் நூற்றுக்கு 80 பங்கு தண்ணீர். விற்பனைக்குப் போகும் காயில் 10 பங்குதான் இருக்கலாம். இந்தத் தண்ணீரை 50 டிகிரி வாக்கில் மெதுவாக, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உலர்த்தி எடுக்க வேண்டும். சூடு கூடினால் காய்த்தோலின் பச்சை நிறம் போய்விடும். பச்சையம் என்பது நடுவில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மூலக்கூறு. சூட்டிலும் காயிலுள்ள அமிலத்திலும் அந்த மக்னீசியம் கழன்றுவிட்டால் பச்சை பழுப்பாகிவிடும். சிலர் காயை 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் முக்கி எடுத்த பிறகு தட்டில் போடுவது அந்த அமிலத்தை அடக்கத்தான். நிறம் போன காய்க்கு போடியிலும் சரி, புற்றடியிலும் சரி, ஏலத்தில் விலை விழுந்துவிடும். ஆகவே அறையின் வெப்பநிலையை ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்க வழியில்லை. ஆனால் அறை 50 டிகிரியைத் தாண்டாமல் இருந்தாலும் விறகு மட்டும் கட்டுக் கட்டாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு சூடும் எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட முதல் ஆள் ஜோசப் பிளாக். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவர். 1760-களின் தொடக்கம் அது. தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிட்டால், இன்னும் கொஞ்சம் சூடு பட்டதும் மொத்தமும் ஆவியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். பிளாக் தகரப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து, பழுக்கக் காய்ந்த அடுப்புத் தகட்டின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். குளிர்ந்த தண்ணீர் கொதிக்க 4 நிமிடம். கொதித்த தண்ணீர் முழுவதும் வற்ற 20 நிமிடம். அந்த 20 நிமிடமும் அடுப்பு அதே வேகத்தில் சூடு கொடுத்தது. தண்ணீரின் வெப்பநிலையோ ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அப்படியானால் அந்தச் சூடு ஆவிக்குள் ஒளிந்துகொண்டது. பிளாக் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் வைத்தார். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டு அடுப்பில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிளாக்கின் கணக்குப்படி ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 450 கலோரி. இன்றைய நுட்பமான அளவு 540. ஒரு தகரப் பாத்திரமும் கடிகாரமும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார் பாருங்கள். தண்ணீர் கொதிக்காமல் 50 டிகிரியில் மெதுவாக ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாக, கிராமுக்கு 569 கலோரி வேண்டும்.

இனி நம் ஸ்டோர் கணக்கைப் போடலாம். 100 கிலோ பச்சைக்காய் எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் 80 கிலோ, சக்கை 20 கிலோ. உலர்ந்த காயில் 10 சதவீத ஈரம் என்றால் அதன் எடை 22 கிலோ சொச்சம். அஞ்சு கிலோவுக்கு ஒரு கிலோ என்று நம் ஆட்கள் வாய்க்கணக்காகச் சொல்வது இதைத்தான். வெளியேற வேண்டிய தண்ணீர் சுமார் 78 கிலோ. கிலோவுக்கு 569 கிலோகலோரி வீதம் 44,000 கிலோகலோரிக்குக் கொஞ்சம் மேல். காயை 20 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர இன்னும் 2,600. மொத்தம் 47,000 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளலாம். காயைச் சூடாக்க ஆகும் செலவு எவ்வளவு சின்னது, தண்ணீரை ஆவியாக்க ஆகும் செலவு எவ்வளவு பெரியது என்று கவனியுங்கள். விறகு போகும் இடம் தெரிந்துவிட்டது.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் விறகு எவ்வளவு சூடு கொடுக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு வழி திறந்தவர் பாரிஸில் இருந்த லவாய்சியர். அவரும் கணித மேதை லாப்லாஸும் 1782-83 குளிர்காலத்தில் ஒரு பாத்திரம் செய்தார்கள். நடுவில் ஒரு கூடு, சுற்றிலும் பனிக்கட்டி. கூட்டுக்குள் கரியை எரித்தால் வரும் சூட்டில் பனி உருகும். உருகி வடிந்த தண்ணீரை நிறுத்தால் எவ்வளவு சூடு வந்தது என்று தெரிந்துவிடும். பிறகு கரியை எடுத்துவிட்டு அதே கூட்டில் ஒரு கினிப் பன்றியை உட்கார வைத்தார்கள். அது மூச்சுவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதன் உடம்புச் சூட்டிலும் பனி உருகியது. அது வெளியே விட்ட கரியமில வாயுவுக்கும் உருகிய பனிக்கும் உள்ள கணக்கு, கரி எரிந்த கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. மூச்சு விடுவதும் ஒரு வகை எரிதல்தான் என்று லவாய்சியர் சொன்னார். அந்தத் தலையை 1794 மே மாதம் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்பது வேறு சோகக் கதை.

அடுத்து வந்தவர்தான் என் கதாநாயகன், ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். 1802-ல் ஜெனீவாவில் பிறந்து, குழந்தையாக ரஷ்யாவுக்குப் போய், படித்தது மருத்துவம், பெயர் வாங்கியது கெமிஸ்ட்ரியில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை. கந்தக அமிலத்தில் தண்ணீர் சேர்த்தால் பாத்திரம் சுடும் என்பது லேபுக்குள் போன எல்லோருக்கும் தெரியும். ஹெஸ் அந்த அமிலத்தை வெவ்வேறு அளவு தண்ணீரில் நீர்த்து, பிறகு அம்மோனியாவோடு சேர்த்து நடுநிலையாக்கினார். நீர்க்கும்போது அதிகம் சூடு வந்தால் நடுநிலையாகும்போது குறைவாக வந்தது. அங்கே குறைந்தால் இங்கே கூடியது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒரே தொகை. 1840-ல் இதை விதியாக வெளியிட்டார். ஒரு வேதி வினை ஒரே படியில் நடந்தாலும் பல படிகளில் நடந்தாலும், தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே.

வகுப்பில் இதை நடத்தும்போது நான் டாப் ஸ்டேஷனைத்தான் சொல்வேன். நம் பெரியவர்களுக்குத் தெரியும், மூணாறு தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு ரோடு வழியாகப் போடிக்கு வந்தன. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெட்டி ரோப்வேயில் தொங்கி வந்தாலும், ஒருவர் தலைச்சுமையாகக் குரங்கணி வழியே நடந்து கொண்டுவந்தாலும், லாரியில் போடிமெட்டு சுற்றி 17 கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்பி வந்தாலும், அந்தப் பெட்டி இறங்கிய உயரம் ஒன்றுதான். பாதைக்குப் பாதை நேரம் மாறும், அலுப்பு மாறும், கூலி மாறும். உயரம் மாறாது. வினைவெப்பமும் அந்த உயரம் மாதிரி. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். அளக்கவே முடியாத ஒன்றைக் கணக்கில் பிடிக்கலாம் என்பதுதான் லாபம். ஓர் உதாரணம், அதுவும் நம் ஸ்டோர் அடுப்பிலிருந்தே. கார்பன் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. இந்த அரைகுறை எரிதலில் எவ்வளவு சூடு வரும் என்று நேராக அளக்க முடியாது. ஏனென்றால் கரியை எரிக்கும்போது மோனாக்சைடு மட்டும் தனியாக வராது. டை ஆக்சைடும் கலந்தே வரும். ஆனால் மற்ற இரண்டையும் அளக்கலாம். 12 கிராம் கார்பன் முழுதாக எரிந்தால் 94 கிலோகலோரி. அதே அளவு கார்பனைக் கொண்ட மோனாக்சைடை எரித்தால் 67.6 கிலோகலோரி. ஹெஸ் விதிப்படி முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டியதுதான். விடை 26.4. பரீட்சையில் வேறு வேறு வேஷத்தில் வரும் கணக்கு இது.

அந்த 26.4-ஐ வெறும் விடையாகப் பார்க்காதீர்கள். முழுதாக எரிந்தால் 94 கொடுக்க வேண்டிய கார்பன், காற்றில்லாத அடுப்பில் 26 கொடுத்துவிட்டுப் போகிறது. மீதி 68, அதாவது நூற்றுக்கு 72 பங்கு, மோனாக்சைடுக்குள் ஒளிந்துகொண்டு புகைபோக்கி வழியாக மலைக்காற்றில் கலந்துவிடுகிறது. விறகு தீர்ந்திருக்கும், சாம்பல் இருக்கும், காய் மட்டும் காய்ந்திருக்காது.

இதைப் புத்தகம் படிக்காமலேயே தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் எனக்குப் பழக்கம். கல்லூரி விடுமுறையில் தாய்மாமன் தோட்டத்துக்குப் போவேன். ஸ்டோரில் அடுப்பு பார்த்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர். இரவில் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். அவர் அடுப்பைப் பார்க்க மாட்டார், புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்ப்பார். "தம்பி, புகை கருப்பாப் போச்சுன்னா வெறகு வெளிய போகுதுன்னு அர்த்தம். புகையே தெரியக்கூடாது, சூடு மட்டும் தெரியணும்" என்பார். "வெறகு திணிச்சா நிறைய எரியுமே பெரியவரே?" என்று கேட்டேன். "வாய் நிறையச் சோத்தை அடைச்சா மூச்சு எப்படி விடுவ? அடுப்புக்கும் அப்படித்தான்" என்றார். லவாய்சியர் கினிப் பன்றியை வைத்துச் சொன்னதை அவர் சோற்றை வைத்துச் சொல்லிவிட்டார் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அதே மலையில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு தோட்டம். பெயர் வேண்டாம். மார்கழிக் குளிர். புகைக்குழாயில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அடுப்புக்காரர் இரண்டு பேர் குளிருக்குப் பயந்து கதவையும் சன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஸ்டோருக்குள்ளேயே படுத்துவிட்டார்கள். விடியக் காய் புரட்ட வந்த பெண்கள் கூப்பிட்டால் பதில் இல்லை. இழுத்து வெளியே பனியில் போட்ட பிறகு ஒருவருக்குச் சீக்கிரம் நினைவு வந்தது. இன்னொருவர் கண் திறக்க மத்தியானம் ஆகிவிட்டது. பேய் அடித்துவிட்டது என்று மந்திரிக்க ஆள் கூப்பிடப் போனார்கள். அடித்தது பேய் இல்லை, மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். விறகை வீணாக்கும் அதே வாயுதான் ஆளையும் கொல்லும். காற்று தாராளமாகப் போகும் அடுப்பு, ஓட்டையில்லாத குழாய், அடுப்பு எரியும் கட்டிடத்துக்குள் படுக்காமல் இருப்பது என்ற மூன்றும் உயிர் காக்கும் விஷயங்கள். முதல் இரண்டும் விறகையும் காக்கும்.

விறகின் சூட்டை நேராக அளக்கும் கருவியை 1880-களில் பாரிஸில் பெர்த்தலோ அமைத்தார். கனமான எஃகுப் பாத்திரம், உள்ளே அழுத்தத்தில் ஆக்சிஜன், அதற்குள் பொருளை வைத்து மின்கம்பியால் பற்ற வைத்தால் நொடியில் முழுதாக எரிந்துவிடும். பாத்திரம் தண்ணீரில் மூழ்கியிருக்கும். தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் போதும். இதற்குப் பாம் கலோரிமீட்டர், அதாவது குண்டு கலோரிமீட்டர் என்று பெயர். வெடிக்கிற குண்டு இல்லை, வெடிக்காமல் தாங்குகிற குண்டு.

நம் நாட்டு மரங்களுக்கு இந்தக் கணக்கை எடுத்தவர்கள் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார். 1906-ல் தொடங்கிய நிலையம் அது. அங்கே எஸ். கிருஷ்ணா, எஸ். ராமசாமி இருவரும் இந்திய மரங்களின் எரிவெப்பத்தைப் பற்றிய வெளியீட்டை 1932-ல் கொண்டுவந்தார்கள். விறகைப் பற்றி நம் நாட்டில் எழுதுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். இந்த மாதிரி அளவுகளிலிருந்து கிடைக்கும் பாடம் நம் நம்பிக்கைக்குக் கொஞ்சம் மாறானது. மரத்துக்கு மரம் சூடு ரொம்ப வித்தியாசப்படும் என்று நினைக்கிறோம். எடைக்கு எடை பார்த்தால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. நன்றாக உலர்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்கு 4,500 கிலோகலோரியை ஒட்டியோ சற்று மேலோதான் இருக்கும். கனமான மரம் நின்று எரிவது, ஒரே அளவுக் கட்டையில் எடை அதிகம் இருப்பதால். விறகை விறகிலிருந்து பெரிதும் வேறுபடுத்துவது ஜாதி இல்லை, ஈரம்.

ஈர விறகுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓரளவு காய்ந்த விறகில் 20 சதவீத ஈரம் இருக்கும். அதில் கிலோவுக்கு 3,500 கிலோகலோரி கிடைக்கும். வெட்டிய கையோடு எரிக்கும் பச்சை விறகில் பாதி தண்ணீர். அரைக் கிலோ மரம் 2,250 கொடுக்கும், அரைக் கிலோ தண்ணீர் ஆவியாகப் போக 300 கேட்கும், மீதி 1,950. பச்சை விறகின் நஷ்டம் இதோடு நின்றால் பரவாயில்லை. தண்ணீர் அடுப்பைக் குளிர வைப்பதால் விறகு அரைகுறையாக எரிந்து புகையும் மோனாக்சைடும் கிளம்பும். பெரிய நஷ்டம் அங்கேதான்.

இது நம் மலைக்கு ஏன் முக்கியம் என்றால், ஏலச்செடி நிழலில் வாழும் செடி. மழைக்கு முன் மே, ஜூனில் நிழல் மரங்களின் கொப்பைக் கழித்துவிடுவது வழக்கம். அந்தக் கொப்பு பெரும்பாலும் விறகாகத்தான் போகும். மழையில் நனைந்துகொண்டு கிடக்கும் கொப்பை ஆவணியில் அடுப்பில் வைத்தால் அது எரியாது, புகையும். புகைந்து தீர்ந்த பிறகு வேறு விறகு வேண்டும். வேறு விறகு என்றால் கொப்பு இல்லை, மரம். மரம் போனால் நிழல் போகும், நிழல் போனால் ஏலம் போகும். வெட்டிய கொப்பை ஒரு தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைப்பது சின்னச் செலவு. அது மலைக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். 100 கிலோ பச்சைக்காய்க்கு 47,000 கிலோகலோரி வேண்டும். 3,500 கொடுக்கும் காய்ந்த விறகு என்றால் பதின்மூன்றரைக் கிலோ. அவ்வளவுதான்! ஸ்டோர் நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஒரு சூடும் வீணாகாத அடுப்புக்கு உரிய எண் அது. அப்படி ஓர் அடுப்பு உலகத்தில் கிடையாது. ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும் காற்றும் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். சுவர் வழியாகக் கொஞ்சம், புகைபோக்கி வழியாகக் கொஞ்சம். ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் காய்க்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொண்டால் விறகு 67 கிலோ ஆகிவிடும். பாதி போய்ச் சேர்ந்தால் 27 கிலோ போதும். 67-க்கும் 27-க்கும் நடுவில் இருக்கும் அந்த 40 கிலோதான் அடுப்பு கட்டுகிறவர் கையிலும் எரிக்கிறவர் கையிலும் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் ஒரு பருவத்துக்கு எத்தனை தடவை காய் எடுப்பு, மலை முழுக்க எத்தனை தோட்டம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெஸ் விதியைப் படித்துவிட்டு, "பாதை எப்படி இருந்தால் என்ன, மொத்தச் சூடு ஒன்றுதானே" என்று ஒரு மாணவன் என்னிடம் வாதாடினான். நல்ல கேள்வி. மொத்தம் ஒன்றுதான், முடிவுப் பொருள் ஒன்றாக இருந்தால். அடுப்பில் அரைகுறையாக எரிந்து மோனாக்சைடோடு நின்றுவிட்டால் அது வேறு முடிவு. பிறகு எங்கேயோ வானத்தில் அந்த மோனாக்சைடு மெதுவாக டை ஆக்சைடாக மாறி மீதிச் சூட்டையும் கொடுக்கத்தான் செய்யும். இயற்கையின் கணக்கில் ஒரு கலோரி குறையாது. அந்தச் சூடு நம் காய்க்கு வரவில்லை என்பதுதான் நம் கணக்கு.

சிக்கிமில் பெரிய ஏலக்காயை நேரடிப் புகையில் உலர்த்தும் பட்டிகள் உண்டு. அங்கே டெரி நிறுவனம் கேசிஃபையர் வைத்த உலர்த்தியைக் கொண்டுபோனது. விறகை முதலில் வாயுவாக்கி, அந்த வாயுவைத் தனியாகக் காற்று கொடுத்து முழுதாக எரிப்பது அதன் வேலை. 26-ல் நிற்காமல் 68-ஐயும் வாங்கிக்கொள்வதுதான் அதன் தத்துவம். நம் பக்கமும் இப்போது மின்விசிறி வைத்த டிரையர்கள் வந்துவிட்டன. காற்றை ஒழுங்காக ஓட்டினால் விறகு குறையும் என்பதை நம் ஆட்கள் கையாலேயே கண்டுகொண்டார்கள்.

கடைசியாக, பெயரைப் பற்றி ஒரு செய்தி. அடைத்த குண்டுக்குள் எரிவதற்கும் திறந்த காற்றில் எரிவதற்கும் சூட்டில் சிறு வித்தியாசம் உண்டு. நம் அடுப்பும் ஸ்டோரும் திறந்த காற்றில், மாறாத அழுத்தத்தில் இருப்பவை. அந்த நிலையில் கணக்கிடும் வெப்பத்துக்கு என்தால்பி என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்துக்காரர் காமர்லிங் ஓன்ஸ் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் இது. நம் பாடப் புத்தகத்தில் என்தால்பி என்றே இருக்கிறது. வெப்ப அடக்கம் என்று சொல்வாரும் உண்டு. எனக்குப் பின்னதுதான் பிடிக்கும். விறகுக்குள் அடங்கியிருக்கிற வெப்பம்.

விறகுக்குள் மட்டுமா? விறகின் பெரும்பகுதி செல்லுலோஸ், அரிசியின் பெரும்பகுதி ஸ்டார்ச். இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள்தான், கோத்த விதம் மட்டும் வேறு. குளுக்கோஸ் எரிந்தால் எவ்வளவு என்பதையும் ஹெஸ் முறையில் போடலாம். வெளிவரும் 6 பங்கு கரியமில வாயுவுக்கு 564, 6 பங்கு தண்ணீருக்கு 410, குளுக்கோஸ் உருவானதற்கு உரிய 304-ஐக் கழித்தால் 670 கிலோகலோரி, 180 கிராமுக்கு. அடுப்பில் ஒரே மூச்சில் எரிந்தாலும், உடம்புக்குள் பல படிகளில் மெதுவாக எரிந்தாலும் அதே 670. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,450 கிலோகலோரி, ஒரு கிலோ காய்ந்த விறகில் 3,500. ஏறக்குறைய சமம். விடியற்காலையில் தூக்குச் சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து முந்தல் தாண்டி மலையேறும் நம் பெண்கள் பறித்துக் கொண்டுவரும் காயில் அந்தச் சோற்றின் சூடும் சேர்ந்துதான் இருக்கிறது. விறகுக் கணக்கைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்ட நாம் அந்தக் கணக்கையும் கூலியில் சரியாகப் போட வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் எளிதாக ஏதாவது எழுதுகிறேன். அதற்குள் யார் வீட்டிலாவது பிளஸ் டூ படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால், இந்த 94, 67.6 கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். விடை 26.4 என்று வந்தால், அது எந்த அடுப்பிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.